வக்கீலம்மாவின் கட்சிக்காரன்

தீரேந்திரன் பனிமலரை ஏன் அறைந்தான் என்று அவள் விளக்கி எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது.

முப்பத்தெட்டாவது அத்தியாயம் அன்று காலைதான் வந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அந்த இணையதளத்தில் தொடர்கதை வரும். வந்த கையோடு கீழே வாசகிகள் கூடிவிடுவார்கள். கதை ஒரு பக்கம் என்றால் கருத்து பத்துப் பக்கம்.

தீரேந்திரன் ஆறடி இரண்டு அங்குலம். அதற்குக் குறைந்த ஆண்களை இந்தக் கதைகளில் நாயகனாக வைப்பதில்லை. மனைவியை அடிப்பான். அறையில் வைத்துப் பூட்டுவான். பிறகு தனியே நின்று கண் கலங்குவான்.

பாதிப் பேர் அவனைக் கரித்துக்கொட்டுவார்கள்.

அவனுக்காக வாதாடுவது அவள். தாய் முகம் காணாத பிள்ளை என்பாள். அவனிடம் அன்பு இல்லாமல் இல்லை, காட்டத்தான் தெரியவில்லை என்பாள். அங்கே அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். வக்கீலம்மா வரட்டும் என்று ஒரு கூட்டமே காத்திருக்கும்.

திண்டுக்கல்லில் அவளுக்காக யாரும் எதற்கும் காத்திருந்ததில்லை.

அவள் கணவர் ஒருநாளும் கை நீட்டியவரில்லை. கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். முப்பது வருடத்தில் செடிகள்தான் அழுகின. அடி உதையெல்லாம் அவள் கதையில் படித்ததோடு சரி.

ஆட்டோவிலிருந்து இறங்கியது மகள் நித்திலா. ஓசூரில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. சொல்லாமல் வந்திருந்தாள். தனியாக வந்திருந்தாள்.

முதலில் சாப்பிடு என்று இலை போட்டாள்.

மகள் ஒரு பக்கமாகவே மென்றாள்.

ரசம் ஊற்றப்போன கை அப்படியே நின்றது. அவள் மகளின் இடது கன்னத்தைப் பார்த்தாள். குனிந்து, இன்னும் நன்றாகப் பார்த்தாள்.

எப்போதிருந்து என்று கேட்டாள். ஆடியிலிருந்து என்றாள் மகள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று அவள் கத்தினாள்.

"உன்கிட்டதானேம்மா கேட்டுட்டே இருந்தேன்," என்றாள் நித்திலா. "அந்தச் சிட்டு நான்தான்."

சிட்டு என்ற பெயரில் ஒரு வாசகி உண்டு. எந்த அத்தியாயம் வந்தாலும் அவளுக்குக் கேள்வி ஒன்றுதான். அக்கா, இவன் மாறுவானா?

வக்கீலம்மாவும் சலிக்காமல் பதில் எழுதுவாள். மாறுவான் கண்ணு. பனிமலர்தான் கொஞ்சம் பொறுத்துப்போக வேண்டும். அவளும் வாயை அடக்க வேண்டும் இல்லையா. அவளும் விட்டுவிட்டுப் போனால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

வக்கீலம்மா என்ற பட்டத்தைப் பற்றி மகளிடம் போனில் பெருமையடித்ததும் அவளேதான்.

பொங்கலுக்கு நித்திலா வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாள். அன்று சிட்டுவுக்கு வக்கீலம்மா நீளமாக, மனசு விட்டு எழுதியிருந்தாள். நூற்றுப்பன்னிரண்டு பேர் அதற்கு இதயக்குறி போட்டிருந்தார்கள்.

இலையைப் பார்த்துக்கொண்டே அவள் அழுதாள். எழுதிய விரல்களை ஒடித்துப்போட வேண்டும் போலிருந்தது.

மூன்று நாள் பேசினாள். அது கதைடி என்றாள். கதையில் அவனைத் திருத்த எழுதுகிறவள் இருக்கிறாள், ஓசூரில் யார் இருக்கிறார்கள் என்றாள். நான் எழுதியதெல்லாம் பொய், ஒன்றும் தெரியாமல் எழுதினேன் என்றாள். காலில் விழாத குறை. கணவர்கூட மாடிக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நித்திலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அம்மா சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். வக்கீலம்மா சொன்னதை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை அடுத்த அத்தியாயம் வந்தது. பனிமலர் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். தீரேந்திரன் வாசலில் வந்து நிற்கிறான். இந்தக் கதைகளில் சரியாக அந்த நேரத்துக்கு மழை வந்துவிடும். நனைந்துகொண்டே நிற்கிறான்.

வாசகிகளுக்குத் திருவிழாதான். வக்கீலம்மா எங்கே, வழக்கு ஜெயித்துவிட்டதே என்று தேடினார்கள்.

அவனை உள்ளே விடாதீர்கள் என்று அவள் எழுதினாள்.

விளையாட்டு என்று சிரித்தார்கள். வக்கீலம்மாவின் பெயரில் வேறு யாரோ புகுந்துவிட்டார்கள், ஜாக்கிரதை என்று ஒருத்தி எச்சரித்தாள். ஒரே ஒருத்திகூட நம்பவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் கார் நின்றது. சுள்ளென்று வெயில். மாப்பிள்ளை இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கையில் ஸ்வீட் பெட்டி.

அழைப்பு மணி அடித்தது.

அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தாள். திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மணி மறுபடியும் அடித்தது.

உள்ளேயிருந்து நித்திலா வந்தாள். தலைவாரியிருந்தாள். பொட்டு வைத்திருந்தாள். இடது கன்னத்தில் மட்டும் பவுடர் கொஞ்சம் அதிகம்.

அம்மாவின் கையின் மேல் கையை வைத்தாள்.

"திறம்மா," என்றாள். "பாவம், வெயில்ல நிக்கிறாரு."