கேஸ் நூற்றுப் பதினேழு

முதலில் மாத்திரை கொடுத்து, தாளம் தப்பித் துடித்த இதயத்தை அடக்கப் பார்த்தார்கள். அடுத்து மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அதற்கடுத்து சூட்டுக்குழாய் உள்ளே போய் மேலறையைச் சுட்டது. நான்காவதாகப் பனிபலூன் போய் அதே இடத்தை உறைய வைத்தது. ஆறே மாதத்தில் இதயம் மறுபடியும் தாளம் தப்பியது.

இப்போது ஐந்தாம் தடவை. சிகிச்சை அறைத் தட்டில் சூட்டுக்குழாயும் பனிபலூனும் அருகருகே கிடந்தன.

"புள்ளி புள்ளியாகச் சுட்டேன். என்ன நுணுக்கம்!" என்றது சூட்டுக்குழாய்.

"புள்ளிக்குப் புள்ளி சந்து விட்டவன்தானே நீ? நான் ஒரே அணைப்பில் வட்டமாக முடித்தேன்" என்றது பனிபலூன்.

"முடித்த லட்சணம்தான் தெரிகிறதே. ஆனாலும் தம்பி, நம் அனுபவம் வேறு யாருக்கு உண்டு?"

இதயத்துக்குச் சிரிப்பு வந்தது. "உங்கள் அனுபவமெல்லாம் என் மேல் இருக்கிற தழும்புதானடா! இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இந்த மனிதர் வீட்டுப் படிகூட ஏற முடியாது. அவர் யாரென்றாவது தெரியுமா?"

"கேஸ் நூற்றுப் பதினேழு" என்றது குழாய்.

"தோல்விப் பட்டியலில் ஒன்பது" என்றது பலூன்.

கோபத்தில் இதயம் தாறுமாறாகக் குதித்தது. திரையில் கோடு துள்ளியதைக் கண்ட மருத்துவர் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். இரண்டும் முண்டியடித்துக் கழுத்தை நீட்டின.

"பொறுங்க டாக்டர், இன்னும் நோயாளி பேர் வாசிக்கல" என்றார் செவிலியர்.

எல்லோரும் அசையாமல் நின்றார்கள். செவிலியர், படுத்திருந்தவரின் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பி, அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்க உரக்கப் படித்தார்.

"மாடசாமி மகன் சுடலைக்கண்ணு."