சாம்பியனை இடித்துத் தள்ளியவள்

"அடிப்பாவி! இடிச்சுத் தள்ளிட்டாளே!"

மொட்டைமாடியே அதிர்ந்தது. பாட்டை நிறுத்திய செயலாளர், ரிமோட்டும் கையுமாக அப்படியே வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

குடியிருப்பின் ஆண்டு விழாவில் மியூசிக்கல் சேர். பாக்கி இருந்தது மூன்று நாற்காலி, நான்கு பேர். உட்காரப்போன கொழுந்தனை இடுப்பால் ஒரே இடி இடித்துவிட்டு, அந்த நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள் அண்ணிக்காரி. கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் இந்தத் துணிச்சல்!

அதுவும் யாரை? சாம்பியனை!

சாம்பியனுக்கு முப்பது வயசு ஆகப்போகிறது. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகத்தான். பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கும் வேலைக்குத் தினமும் போய்வருகிறான். இந்தப் போட்டியில் வருஷா வருஷம் கப்பு அவனுக்குத்தான், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

எப்படி ஜெயிப்பான் என்கிறீர்களா? பாட்டு நின்றதும் வக்கீலுக்குச் செருப்பு கழன்றுகொள்ளும். பல் டாக்டரம்மாவுக்குக் கால் மரத்துப்போகும். இன்னொருத்தருக்கு வராத போன் வரும். அடேயப்பா, என்ன நடிப்பு!

அவுட்டானவர்கள் எல்லோரும் ஓரத்தில் போட்ட விரிப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஐஸ்கிரீமைச் சப்பிக்கொண்டு, ஓடுகிறவர்களைக் கேலி பண்ணிக் கத்துவதுதான் அங்கே வேலை. கடைசியில் சாம்பியன் கப்போடு நிற்பான், போட்டோ எடுப்பார்கள். 'நமக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு' என்று பூரித்துப்போய் வீட்டுக்குப் போவார்கள்.

அந்தப் பெரிய மனசில்தான் இன்றைக்கு மண் விழுந்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" விரிப்பிலிருந்து எகிறினார் பல் டாக்டரம்மா.

"விளையாட்டுன்னா இடிக்கத்தானே செய்வாங்க?"

"யாரை இடிக்கிறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்?"

"போன ரவுண்டுல உங்களையும்தான் இடிச்சேன். அப்ப விழுந்து விழுந்து சிரிச்சீங்களே டாக்டர்?"

டாக்டரம்மா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீல் ஆஜரானார். "கூடப்பிறந்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா? என்ன இருந்தாலும் வெளியிலேர்ந்து வந்தவதானே!"

மாமியார் முகம் சுண்டிப்போனது. புருஷன் ஓடிவந்து காதோடு கெஞ்சினான். "எழுந்திரும்மா... மானம் போகுது."

"மாட்டேன். நீங்க பேசாம போய் உக்காருங்க."

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "இந்த ரவுண்டு செல்லாது! நம்ம சாம்பியன் மறுபடியும் ஆட்டத்துக்கு வருவார்!"

ஒரே கைதட்டல், விசில். "சாம்பியன்! சாம்பியன்!"

ஆளைக் காணோம்.

மாமியாருக்குப் பகீரென்றது. "ஐயோ, பிள்ளை மனசு ஒடஞ்சு எங்க போனானோ!"

"இங்கதாம்மா இருக்கேன்!"

குரல் விரிப்பிலிருந்து வந்தது. வக்கீலுக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் எப்போது புகுந்தானோ, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பாதி ஐஸ்கிரீம். அது வக்கீலுடையது. முகமெல்லாம் பல்.

"எழுந்து வாப்பா, மறுபடி ஆடலாம்," என்றார் செயலாளர்.

"ஐயய்யோ, வேணாம் சார்! நான் அவுட்டு! இப்பத்தான் அவுட்டே ஆகியிருக்கேன்!"

"கப்பு வேணாமா?"

"அது வீட்டுல நிறைய இருக்கு சார். நீங்கல்லாம் இங்க ஒண்ணா உக்காந்து சிரிக்கிறீங்க. நான் மட்டும் எப்பவும் அங்க தனியா நிக்கிறேன். எல்லாரையும் இடிக்கிறீங்க, என்னை யாருமே இடிக்க மாட்டேங்கிறீங்க. அதான் நேத்து அண்ணிகிட்ட கேட்டேன். கண்டிப்பா இடிக்கிறேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்க!"

டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். மாமியார் மருமகளைப் பார்த்த பார்வையே மாறிப்போனது. வக்கீல் மட்டும் மெல்ல நகர்ந்து, "காலை நல்லா நீட்டி உக்காருப்பா... ஆனா என் ஐஸ்கிரீமைக் குடு," என்றார்.

"தர மாட்டேன்!"

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை அப்புறப்படுத்திவிட்டுப் பாட்டைப் போட்டார். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

சாம்பியன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் தட்டி, எல்லோரையும்விட உரக்கக் கத்தினான்.

"அண்ணி! நீங்களும் சீக்கிரம் அவுட்டாகி வாங்க! எடம் பிடிச்சு வச்சிருக்கேன்!"