சிவப்பு வட்டம்

"அந்த வட்டத்தைக் கொஞ்சம் அழிச்சிடும்மா கீர்த்திகா" என்று மேலாளர் பாலசுப்பிரமணியம் ஐந்தாவது முறையாகச் சொன்னபோது, போனைத் தூக்கி மிளகுக் கொடிக்குள் எறிந்துவிடலாமா என்று இருந்தது.

எறியவும் முடியாது. மாரமங்கலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி இந்த ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும்.

கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். பேருக்குத்தான் லீவு. மடியில் லேப்டாப்.

அதில், கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு சுண்ணாம்புப் பாறையின் படம். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எடுத்தது. ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன்னால் கடல் விலகி, அந்தப் பாறை வெயிலில் கிடந்தது. மழை அதைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கியது. பிறகு கடல் திரும்பி வந்து எல்லாவற்றையும் சேற்றால் மூடிவிட்டது.

எரிவாயு தேடிச் சோதனைத் துளை போட எங்கள் கம்பெனி குறித்திருக்கும் இடம், சரியாக அப்படி ஒரு குகையின் தலைக்கு மேலே. அதைச் சுற்றித்தான் சிவப்பு வட்டம் போட்டேன். நான் கையெழுத்துப் போடாமல் துளை போட முடியாது.

அது குகையே இல்லையாம். படத்தில் விழுந்த கோளாறாம்.

கோளாறு என்றால் மேலிருந்து அடிவரை கோணிக்கொண்டு போகும். இங்கே மேலடுக்குகள் மட்டும் பழைய கயிற்றுக்கட்டில் மாதிரி தொய்ந்து கிடக்கின்றன. அடியில் உள்ளவை அசையவே இல்லை. நேற்றுப் படிக்க வந்தவனுக்குக்கூடப் புரியும். இருபது வருடம் சர்வீஸ் போட்டவருக்குப் புரியாதா? புரியும். அதுதான் எரிச்சலே.

துளை குகைக்குள் இறங்கினால், வாயுவை அழுத்தி வைக்கத் துளையில் ஊற்றும் சேறு மொத்தமும் உள்ளே ஓடிவிடும். எரிவாயு பொங்கி வந்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. துளையிடும் கப்பலில் தொண்ணூறு பேர் இருக்கிறார்கள்.

"இன்னைக்கு ஆரம்பிச்சா ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கரைக்கு வந்துடுவாங்க. இடத்தை மாத்தினா மூணு வாரம் ஆகும். உனக்காகத்தான்மா சொல்றேன்."

எனக்காகவாம்!

ஒரு நொடி என் விரல் அந்த வட்டத்தின் மேல் போய் நின்றது உண்மைதான். அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்ற வைத்தாரே, அதற்காகவே அந்த மனுஷனை மன்னிக்கக் கூடாது.

'இங்கே துளையிடக் கூடாது' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, எல்லோருக்கும் அனுப்பினேன். பாழாய்ப்போன சிக்னல் மூன்று நிமிடம் சுற்றிய பிறகே போனது.

அம்மா பத்திரிகைக் கட்டோடு வாசலில் இறங்கினாள். மஞ்சக்குட்டை பஸ் வரும் நேரம்.

"பத்திரிகை வெக்கப் போவேண்டாம்மா. அவரு கப்பலை உட்டு எறங்க இன்னும் மூணு வாரமாகும்."

அம்மா கட்டை வாசற்படியில் இறக்கி வைத்தாள். அந்தத் தொண்ணூறு பேரில் ஒருவர்தான் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன கல்யாணம்.

"ஏங்கண்ணு, எந்தப் பாவி கப்பலை நிறுத்தி வெச்சது?" என்றாள். "அவன் ஊட்டுல நல்ல காரியம் நடக்குமா?"