வாசலை மறித்த இருவர்

"புதுசா ஒருத்தன் வந்தா வாசல்லயே... எங்கம்மா என்னவோ சொல்லுவா, மறந்துபோச்சு" என்றது செவலை நாய்.

"மறிச்சுப் படுன்னு சொல்லியிருப்பா" என்றது கறுப்பு நாய் மிளகு.

தாமோதரன் ஒரு தெரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வராந்தாவில் விட்டிருந்தார். ஏற்கெனவே இருக்கிற இரண்டும் ஓயாமல் கடித்துக்கொள்பவை. மூன்றாவதும் சேர்ந்தால் வீடு தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"நெருங்கிப் படுடா, நடுவுல பூந்துடப்போறான்."

"உன் நாத்தம் தாங்கலடா. சரி, காலை எடு."

விலா உரசப் படுத்த இரண்டும் அப்படியே தூங்கிப்போயின. செவலையின் முதுகில் மிளகின் தலை.

தாமோதரன் வந்தார்; நம்பமுடியாமல் பார்த்தார்.

"எல்லாம் நீ வந்த ராசிடா" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டவர், அதை வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்.