பெயிண்ட் உரிக்கிற மருந்து

"பழைய கார் பெயிண்ட்டை உரிக்கணும்ணே. பொங்கலுக்குச் சிவப்பு அடிக்கணும்," என்றான் பேரையூர் முத்திருளன்.

மதுரையில் துரைமார் கார்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற ஜேசுராஜ் நிமிர்ந்தார். "காஸ்டிக் சோடா போட்டா உடனே உரியும். ஆனா, பட்ட இடம் வெந்துரும்."

"ஐயையோ, கண்ணு பக்கத்துல இருக்குண்ணே!"

ஹெட்லைட்டைத்தான் சொல்கிறான் என்று ஜேசுராஜ் சிரித்துக்கொண்டார். "அப்ப சீமைத் திராவகம் இருக்கு, பட்டாலும் வேகாது. நாத்தம்தான் தாங்காது."

"நாத்தம் ஆகாதுண்ணே. பய கோவக்காரன். வெளியதான் நிக்கிறான், வந்து பாருங்க."

டப்பாவும் பிரஷ்ஷுமாக ஜேசுராஜ் வெளியே வந்தார். காரைக் காணோம். புளியமரத்தில் கட்டியிருந்த ஜல்லிக்கட்டுக் காளை, பளபளக்கும் பச்சைக் கொம்பை அவரைப் பார்த்துத் தாழ்த்தியது.

"போன பொங்கலுக்குக் கொம்புல அடிச்ச கார் பெயிண்ட்டுண்ணே. அழியவே மாட்டேங்குது."

ஜேசுராஜ் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பச்சையே எடுப்பாத்தானப்பா இருக்கு!"