கோடுகள் பிறக்குமுன்

கணவர் பாட எழுந்ததும் என் வலக்கையை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஸ்காபரோ மாதா கோயில் நிறைந்திருந்தது. பீடத்தின் முன் மணக்கோலத்தில் எங்கள் மகள் செரீனா. எங்கள் திருமணத்தில் அவள் அப்பா பாடிய பாட்டு, அவள் கேட்ட ஒரே சீதனம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் அவருடைய காதுகளைக் கொண்டுபோனது. சுருதி விலகினால் தனக்கே தெரியாதே என்ற பயத்தில் பாடுவதை விட்டார். வீட்டில் பாட்டே நின்றுபோனது.

போன இலையுதிர் காலத்தில் செரீனா பல்கலைக்கழக இசை வகுப்பிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தாள். ஆயிரம் வருடப் பழைய ஏடு. லத்தீன் சொற்களுக்கு மேலே சின்னச் சின்னக் கீறல்கள்.

சுரம் எழுதும் கோடுகள் அப்போது பிறக்கவில்லையாம். குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று துறவிகள் போட்ட அடையாளம் அது. பாட்டு நடத்துகிறவரின் கையசைவே கீறலானது என்று சிலர் சொல்வார்களாம். புதுப் பாட்டை அது கற்றுத்தராது. தெரிந்ததை நினைவூட்டும், அவ்வளவுதான்.

செரீனா எழுதிக் காட்டியதை வாசித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கும் உப்பிடிக் கையைக் காட்டும், யூஜினி. சும்மா பஸ்ஸை மறிக்கிற மாதிரி ஆட்டாதையும். பாடிப் பாடிக் காட்டும்."

பனிக்காலம் முழுவதும் பாடிக் காட்டினேன். மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதும் காட்டினேன். பக்கத்துக் காரில் இருந்தவர் பதிலுக்குக் கையசைத்தார்.

இப்போது என் கை ஏறியது. அவர் குரலும் ஏறியது. சுருதி அசையவில்லை.

செரீனா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முகத்தைத் துடைத்த பிறகுதான் உணர்ந்தேன், கை மடியில் கிடந்தது. பாட்டின் உச்ச அடி வந்துகொண்டிருந்தது.

பதறி நிமிர்ந்தேன்.

அவர் கண்களை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். உச்சத்தைத் தொட்டு, மெல்ல இறங்கி, முடித்தார்.

பக்கத்தில் வந்து அமர்ந்தவருக்கு, அவர் பாடியதுபோல் என் கண்களை மூடிக் காட்டி, பிறகு கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு இதெல்லாம் எதற்கு?

தன் குரலின் அளவு தெரியாமல், முன்வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"எனக்குக் காது போன நாளிலையிருந்து நீரெல்லோ பாடுறதை விட்டிட்டீர்."

அடுத்தது எல்லோரும் சேர்ந்து பாடும் நன்றிப் பாட்டு. எழுந்தேன்.

அவர் பார்க்கட்டும் என்று, வாயை நன்றாகத் திறந்து பாடினேன்.