புகை வராத கரி

"இன்னாபா பென்னி, சமைக்கிறியா, இல்ல ஊட்டையே கொளுத்திக்கினு இருக்கியா?"

மொட்டை மாடிக்கு வந்துவிட்டார் சடையப்பன். தோள் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். மாடிக்கு நேர் கீழ் வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்த மூக்கு முளைக்குமோ!

"சாரி சார், கரி சரியில்ல" என்றான் பென்னி.

"போன வாரமும் இதான் சொன்ன. சாயந்திரம் கீழ வா, உன்கிட்ட பேசணும்."

பென்னிக்கு வாரம் பூராவும் கும்மிடிப்பூண்டியில் ஃபேக்டரி வேலை. கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திருநின்றவூர் வந்து சேர்வான். ஞாயிறு மட்டும் அவனுடையது. ஒரு பழைய டிரம்மில் மசாலா தடவிய ஆட்டுத் தொடையை வைத்து, குறைந்த அனலில், லேசான புகையில் சாயந்திரம் வரை வேகவிடுவான். அவசரப்பட்டால் வெளியே கருகிவிடும், உள்ளே ரப்பர்தான்.

சாயந்திரம் கீழே போனால் சடையப்பன் லேசில் விடமாட்டார்.

"உக்காரு. டீ குடி. கொடில போட்ட சட்டையெல்லாம் ஒரே நாத்தம், தெரியுமா?"

"இனிமே பாத்துக்கறேன் சார்."

"இன்னாத்த பாத்துப்ப? அட, நேத்து ரயில்ல இன்னா கூட்டம் தெரியுமா…"

அவ்வளவுதான். ரயிலில் ஆரம்பித்து, கொசு, தண்ணி லாரி, ஓசூரில் இருக்கும் மகன் வாங்கிய கார் என்று ஊர்க்கதை அத்தனையும் வரும். இருட்டிய பிறகுதான் பென்னி வீடு திரும்புவான்.

"பேஜாரு புடிச்ச மனுஷன்" என்றாள் அவன் மனைவி சோனியா. "அசோசியேஷன்ல சொல்லி டிரம்மைத் தூக்க வெக்கப் போறாரு. பாத்துக்கினே இருங்க."

டிரம் போனால் பென்னியின் ஞாயிறே போச்சு.

ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் மோசஸிடம் புலம்பினான்.

"வேலிக்காத்தான் கரியப் போட்டா புகையாம இன்னா பண்ணும்? அதுல பாதி வேகாத கட்டை" என்றான் மோசஸ். "கொட்டாங்குச்சி கரி வாங்கு. பத்திக்க லேட்டாவும். ஆனா பத்திக்கிச்சுன்னா சாயந்திரம் வரைக்கும் ஒரே சூடு. புகையே தெரியாது."

சனிக்கிழமை பென்னி கரி மண்டிக்கே போய்விட்டான். மூட்டைக்குள் கையைவிட்டு ரெண்டு துண்டை எடுத்துத் தட்டினான். கணீரென்று சத்தம் வந்தது. உடைத்தான். உள்ளேயும் நல்ல கறுப்பு. நார் ஒட்டியிருந்த மூட்டையை வேண்டாமென்று தள்ளினான். தூள் கிடந்த மூட்டையையும் தள்ளினான்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கற!" என்று மண்டிக்காரர் சிரித்தார்.

மறுநாள், தணல் வெள்ளையாகப் பூக்கும்வரை பொறுத்திருந்து டிரம்மை மூடினான். வாசனைக்கு ஒரே ஒரு கொய்யாக் கட்டை. சும்மா சொல்லக் கூடாது, ஊதுவத்தி அளவுக்குத்தான் புகை. சாயந்திரம் தொட்டதும் கறி எலும்பைவிட்டு வந்தது.

சடையப்பன் மேலே வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

"அப்பாடா, சனியன் விட்டுது" என்றாள் சோனியா.

பென்னியும் கீழே போகவில்லை. இனி போவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

அதற்கடுத்த ஞாயிறு, சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போய்வந்ததால் பென்னி டிரம்மைப் பற்றவைக்கவே இல்லை. சாயந்திரம் சோனியாவோடு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அசோசியேஷன் செக்ரட்டரி குப்புராஜ் வந்தார்.

"புதுக் கரி சூப்பர்பா. இப்பல்லாம் யாரும் கம்ப்ளைன்ட் பண்றதில்ல."

"யாரும் இன்னா சார்? சடையப்பன் சார் ஒருத்தர்தானே பண்ணாரு?" என்றான் பென்னி.

குப்புராஜ் முழித்தார்.

"அவரா? யாரு சொன்னது? கம்ப்ளைன்ட் பண்ணது அந்தாண்ட பிளாக்காரங்க. டிரம்மைத் தூக்கியே ஆவணும்னு மீட்டிங்ல ஒரே ரகளை. 'நேர் கீழ குடியிருக்கறவன் நான். என் ஊட்டுக்கே புகை வர்ல, உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துது?'ன்னு எல்லார் வாயையும் அடைச்சதே அவருதான்!"

சோனியா எடுத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இப்பதான் பாவம், ஞாயித்துக்கிழம சாயந்திரமானா கதவைத் தொறந்து வெச்சினு வாசலையே பாத்துனு உக்காந்திருக்காரு. யாராச்சும் வராங்களா சார்னு கேட்டா, காத்துக்காகத் தொறந்து வெச்சேன்றாரு" என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார் குப்புராஜ்.

டீ குடித்துவிட்டு எப்படா கிளம்பலாம் என்று தவித்த ஒவ்வொரு சாயந்திரத்தையும் நினைக்க இப்போது பென்னிக்கு வெட்கமாக இருந்தது. படியிறங்கினான்.

கதவு திறந்துதான் இருந்தது. டிவிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார் சடையப்பன்.

"சார், இன்னிக்குப் புகை ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. மன்னிப்பு கேட்டுனு போலாம்னு வந்தேன்."

சடையப்பன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எட்டி வானத்தைப் பார்த்தார். துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. திரும்பி, பென்னியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாம்பா, தாங்க முடியல. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு பாரு" என்று துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "உள்ள வா. சோனியாவையும் வரச் சொல்லு, அவளையும் நாலு திட்டு திட்டணும்."